நாதாங்கியும் நாலு ரக்கூன்களும்

1934 ஏப்ரல் 12. ஜெர்மனியில், ஹெஸ்ஸே பகுதியின் வடக்கே எடர்சே என்றொரு அணைக்கட்டு ஏரி. அதன் கரையோரக் காட்டில் அன்றைக்கு இரண்டு ஜோடி ரக்கூன்களைத் திறந்துவிட்டார்கள். மொத்தம் நாலே நாலு. பூர்வீகம் அமெரிக்கா. கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, வாலில் வளையம் வளையமாகக் கோடு. பழைய படங்களில் கொள்ளைக்கூட்டத் தலைவனுக்குப் பின்னால் நிற்கும் ஸ்டன்ட் நடிகரை ஒரு பூனை சைஸுக்குச் சுருக்கி, கொஞ்சம் உப்ப வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். நடத்தையும் அதே. கோழிக்கூட்டைக் கண்டால் விடாது.

கூண்டைத் திறந்தவர் வன அதிகாரி. பெயர் வில்ஹெல்ம் ஃப்ரைஹெர் ஸிட்டிஷ் ஃபான் பெர்லெப்ஷ். (இதை ஒரு தடவை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் ரக்கூன்கள் காட்டின் மறுபக்கம் போயிருக்கும்.) ஆனால் கை மட்டும்தான் இவருடையது. யோசனை வேறொருவருடையது. ரக்கூன்களின் சொந்தக்காரர் ரோல்ஃப் ஹாக் என்பவர்தான் இவற்றைக் காட்டில் விடுங்கள் என்று கேட்டுக்கொண்டவர். ஹாக் என்ன தொழில் செய்தார் தெரியுமா? மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கோழிப்பண்ணை.

ஆமாம். சரியாகத்தான் படித்தீர்கள். நம் ஊரில் மீன் வியாபாரி ஒருவர் தெருவுக்கு நாலு பூனை இறக்குமதி செய்தார் என்றால் அவரை வீட்டில் பிடித்துக் கட்டிப்போட்டிருப்பார்கள். ஹாக்குக்கோ அரசாங்கமே துணை நின்றது. காரணம் என்ன என்று கேட்டால், உள்ளூர் விலங்கினத்தை வளப்படுத்துகிறார்களாம். இதற்கு பிரஷ்ய வேட்டைத் துறை ஆபீஸின் அனுமதி வேண்டும். அனுமதியும் வந்தது. ரக்கூன்களை விட்டு இரண்டு வாரம் கழித்து.

ஜெர்மனி என்றால் பேப்பர் இல்லாமல் தும்மக்கூட மாட்டார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சரித்திரத்தில் ஒரே ஒரு தடவை ஃபைலுக்கு முன்னால் காரியம் நடந்திருக்கிறது. அந்த ஒன்றும் இதுதானா ஆகவேண்டும்?

1956-ல் அங்கே 285 ரக்கூன்கள் இருக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். 1970-ல் 20,000-ஐத் தாண்டியது. 2008 வாக்கில் ஜெர்மனி முழுக்க இரண்டிலிருந்து நாலு லட்சம் என்றார்கள். எல்லாமே அந்த நாலின் வம்சம் இல்லை. 1945-ல் பெர்லினுக்குக் கிழக்கே ஒரு ரோமப் பண்ணையில் குண்டு விழுந்து ரக்கூன்கள் தப்பி ஓடின. அது தனிக் கிளை. எடர்சேவுக்குப் பக்கத்து ஊரான காஸெலில் வீட்டுப் பரண்களில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கின்றன. இப்போதெல்லாம் ஜெர்மன் வேட்டைக்காரர்கள் வருஷத்துக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் சுடுகிறார்கள். வளம் குறைந்தபாடில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரொம்ப நாளாக இந்தப் பழி நாஜித் தலைவர் ஹெர்மன் கோரிங் தலையில்தான் விழுந்துகொண்டிருந்தது. வருஷம் 1934, நாடு ஜெர்மனி, கோரிங் ஒரு வேட்டைப் பைத்தியம். கதைக்கு இதைவிடப் பொருத்தமாக வில்லன் கிடைப்பாரா? பிரிட்டிஷ் பத்திரிகைகள் “நாஜி ரக்கூன்கள்” என்று தலைப்புப் போட்டுத் தீர்த்தன. கோரிங் செய்த பாவங்களுக்கு எத்தனை புத்தகம் எழுதினாலும் போதாது, வாஸ்தவம். ஆனால் இந்த ஒன்றை அவர் செய்யவில்லை. செய்தது நல்லெண்ணம் கொண்ட ஒரு கோழிக்காரர். உலகத்தில் பாதி வம்பு அப்படித்தான் வருகிறது என்றாலும், அதைப் போஸ்டரில் போட முடியாது பாருங்கள்.

சரி, அந்த நாலு ரக்கூன்களிடம் அப்படி என்னதான் இருக்கிறது?

கை. அதுதான் விஷயம். ரக்கூன் என்ற பெயரே கையைப் பற்றியதுதான். வர்ஜீனியாவில் வாழ்ந்த பவுஹாட்டன் மக்கள், கையால் தேய்த்துச் சுரண்டுவது என்ற பொருளில் இதைக் கூப்பிட்டார்கள். 1608-ல் ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் அந்தச் சொல்லைக் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார். அவர் எழுதிய ஸ்பெல்லிங்கைப் பார்த்தால் ரக்கூனே தன்னை அடையாளம் கண்டுகொள்ளாது. மெக்ஸிகோவின் அஸ்டெக்குகள் இன்னும் நேரடி. அவர்கள் வைத்த பெயருக்கு, எல்லாவற்றையும் கையில் எடுப்பது என்று அர்த்தம். போலீஸ் ஸ்டேஷன் சுவரில் போட்டோவுக்குக் கீழே எழுதுகிற வாசகம்.

கட்டைவிரல் நம்மைப் போல மடங்காது. ஆனால் அந்த அஞ்சு விரலில் இருக்கும் தொடு உணர்ச்சி அபாரம். கண்ணால் பார்க்காமலே தடவித் தடவி இன்னது என்று கண்டுபிடித்துவிடும். தண்ணீரில் நனைந்தால் உணர்ச்சி இன்னும் கூடுகிறது. கூண்டில் வளரும் ரக்கூன் தீனியைத் தண்ணீரில் முக்கி உருட்டுவதைப் பார்த்துவிட்டு, ஆஹா, கழுவிச் சாப்பிடுகிறதே, என்ன ஒரு ஆசாரம் என்று ஐரோப்பா புல்லரித்துப்போனது. ஜெர்மன்காரர்கள் ‘கழுவும் கரடி’ என்றே பெயர் வைத்தார்கள். உண்மையில் அது ஓடையில் நண்டு தேடுகிற பழக்கத்தை அங்கே நடித்துக்கொண்டிருந்தது. கரடியும் இல்லை, கழுவவும் இல்லை.

இந்தக் கரடிக் கதையைக் கிளப்பியவர் சாதாரண ஆளில்லை. கார்ல் லின்னேயஸ். உலகத்துப் புல் பூண்டு, புழு பூச்சி எல்லாவற்றுக்கும் லத்தீனில் ரேஷன் கார்டு எழுதிக் கொடுத்த ஸ்வீடன் மேதை. பட்டத்து இளவரசர் அடால்ஃப் ஃப்ரெட்ரிக் அவருக்கு ஒரு ரக்கூனைப் பரிசாகக் கொடுத்தார். பேராசிரியர் அதற்கு ஷுப் என்று பெயர் வைத்து உப்சாலாவில் செல்லமாக வளர்த்தார். ஷுப்புக்கு உலர்ந்த திராட்சை, பாதாம், இனிப்பு கேக் எல்லாம் பிடிக்கும். முட்டை என்றால் உயிர். வினிகர் வாசனை ஆகாது. மாப்பிள்ளை வீட்டார் லிஸ்ட் கொடுத்தது மாதிரி இருக்கிறதல்லவா? உலகத்தை வகைபிரித்தவரை ஒரு விலங்கு சமையற்காரராக வகைபிரித்துவிட்டது.

ஒருநாள் ஷுப் சுவரேறிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனது. அங்கே ஒரு நாய் இருந்தது. கதை முடிந்தது. லின்னேயஸ் துக்கப்பட்டார். பிறகு விஞ்ஞானிகள் துக்கப்படும் முறைப்படி அறுத்துப் பார்த்து, 1747-ல் கட்டுரையும் எழுதினார். 1758-ல் உர்ஸுஸ் லோடோர், அதாவது கழுவும் கரடி என்று பெயர் சூட்டினார். 1780-ல் இன்னொருவர் வந்து, இது கரடியே இல்லை என்று புரோசியான் என்ற புதுப் பேரினத்தில் சேர்த்தார். கிரேக்கத்தில் புரோசியான் என்றால் நாய்க்கு முன்னால் வருவது. பாவம் ஷுப், நிஜமாகவே ஒரு நாய்க்கு முன்னால்தான் வந்து நின்றது.

இனி பூட்டுக்கு வருவோம். கோழி வளர்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் பகுதி இது.

1907-ல் அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் எச்.பி. டேவிஸ் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் செய்தது இதுதான்: தீனியைப் பெட்டிக்குள் வைத்து, விதவிதமான தாழ்ப்பாள் போட்டு, ரக்கூனிடம் கொடுத்தார். கொக்கி, நாதாங்கி, கொண்டி, நெம்புகோல் என்று மொத்தம் 13 சிக்கலான பூட்டுகள். அதில் 11-ஐப் பத்து முயற்சிக்குள் திறந்துவிட்டன. பூட்டுகளின் வரிசையை மாற்றினார். திறந்தன. தலைகீழாகத் திருப்பி வைத்தார். அதையும் திறந்தன. நான் ஒரு லாட்ஜில் பாத்ரூம் தாழ்ப்பாளை உள்ளிருந்து திறக்கத் தெரியாமல் அரை மணி நேரம் நின்றவன். அந்த 11-ல் எத்தனை எனக்கு வந்திருக்கும் என்று யோசிக்கவே கூச்சமாக இருக்கிறது.

1913-ல் வால்டர் ஹன்டர் என்ற உளவியலாளர் இன்னொரு பரீட்சை வைத்தார். மூன்று விளக்கில் ஒன்று எரிந்து அணையும். கொஞ்சம் பொறுத்து, எரிந்த இடத்துக்குப் போகவேண்டும். எலியும் நாயும் விளக்கு எரிந்த திசையிலேயே மூக்கை நீட்டி வைத்துக்கொண்டு சமாளித்தன. பரீட்சை ஹாலில் பக்கத்துப் பையன் பேப்பர் மேலேயே கண்ணை வைத்திருப்போமே, அந்த டெக்னிக். ரக்கூன் மட்டும் அங்கே இங்கே சுற்றிவிட்டு வந்து சரியான இடத்தைத் தொட்டது. மனசில் வைத்திருந்தது என்று அர்த்தம்.

இவ்வளவு மார்க் எடுத்தவனுக்கு வேலை கொடுத்தார்களா? அடுத்த ஐம்பது வருஷம் உளவியல் லேப்களில் ராஜா யார் என்று பார்த்தால், வெள்ளை எலி. ரக்கூன் கூண்டில் அடங்காது, கடிக்கும். எலி வாலாட்டாமல் உட்காரும், சொன்ன லீவரை அழுத்தும். இன்டர்வியூவில் இப்படித் தோற்றவர்கள் நம்மிலும் ஏராளம், அதனால் மேலே போகவேண்டாம்.

ஆனாலும் ஒரு தம்பதி ரக்கூனுக்கு ஒரு சான்ஸ் கொடுத்தார்கள். கெல்லர் பிரேலாண்டும் மரியன் பிரேலாண்டும். மாபெரும் உளவியலாளர் ஸ்கின்னரின் மாணவர்கள். தீனி காட்டினால் எந்த மிருகத்துக்கும் எதையும் கற்றுக்கொடுக்கலாம் என்பது குருநாதர் வாக்கு. சரி, ரக்கூனுக்குச் சேமிப்புப் பழக்கம் கற்றுக்கொடுப்போம் என்று ஆரம்பித்தார்கள். நாணயத்தை எடுத்து உண்டியல் போன்ற டப்பாவில் போடவேண்டும், போட்டால் தீனி. எடுத்தது. டப்பாவரை கொண்டுபோனது. விடவில்லை. டப்பாவின் உள்பக்கம் தேய்த்தது, வெளியே எடுத்தது, இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஒருவழியாகப் பழக்கினார்கள். அடுத்து இரண்டு நாணயம் கொடுத்தார்கள். அவ்வளவுதான். இரண்டையும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, வட்டிக்கடைக்காரர் மாதிரி நிமிஷக்கணக்கில் உட்கார்ந்துவிட்டது. தீனி கிடைக்கவில்லை என்ற கவலைகூட இல்லை. 1961-ல் பிரேலாண்டுகள் இதைக் கட்டுரையாக எழுத, குருநாதரின் கொள்கையில் ஒரு ஓட்டை விழுந்தது. ரக்கூன் கை நுழையும் அளவுக்கு.

விஞ்ஞானிகளாவது பரவாயில்லை. அமெரிக்க ஜனாதிபதியே இதனிடம் மாட்டினார்.

கால்வின் கூலிட்ஜ் அதிகம் பேசாதவர். ‘சைலன்ட் கால்’ என்றே பட்டப்பெயர். 1926 நவம்பரில் மிஸிஸிப்பியிலிருந்து அவருக்கு ஒரு பார்சல் வந்தது. தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கென்று உயிரோடு ஒரு ரக்கூன். அந்தப் பக்கம் அதைச் சமைத்துச் சாப்பிடுவார்கள். கூலிட்ஜ் வீட்டில் சமைக்க மனசு வரவில்லை. ரெபெக்கா என்று பெயர் வைத்தார்கள். கிறிஸ்துமஸுக்குள் ‘ஒயிட் ஹவுஸ் ரக்கூன்’ என்று எழுதிய கழுத்துப்பட்டையும் வந்துவிட்டது. குழம்பில் கிடக்கவேண்டியவள் ஒரே மாதத்தில் அரசு ஊழியை.

வெள்ளை மாளிகைக்குள் அவள் பல்பைத் திருகிக் கழற்றினாள். அலமாரிகளைத் திறந்தாள். பூந்தொட்டிச் செடிகளைப் பிடுங்கிப் போட்டாள். குளியல் தொட்டியில் கொஞ்சம் தண்ணீரும் ஒரு சோப்புக் கட்டியும் கொடுத்துவிட்டால் நேரம் போவதே தெரியாதாம். சாப்பாட்டில் இறால் உண்டு, முட்டை உண்டு. 1927 ஈஸ்டருக்குத் தோட்டத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் முட்டையும் கையுமாகக் கூடினார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் கிரேஸ் கூலிட்ஜ் அம்மையார் ரெபெக்காவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற படம் இன்றைக்கும் இருக்கிறது. முட்டைத் திருவிழாவுக்கு முட்டைத் திருடி சிறப்பு விருந்தினர். கூலிட்ஜ் வழக்கம்போல ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்.

1929-ல் பதவி முடிந்ததும் அவள் மிருகக்காட்சி சாலைக்குப் போனாள். அடுத்து வந்த ஹூவர் காலத்தில் ஒபோஸம் என்ற பிராணி ஒன்று தானாகவே வளாகத்துக்குள் நுழைந்து ரெபெக்காவின் பழைய கூண்டில் குடியேறியது. அதுவும் கோழித்திருடன்தான். ஆட்சி மாறினாலும் கொள்கை மாறவில்லை.

ஜப்பான் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைக் கேட்டால் சிரிப்பு போய்விடும். 1977-ல் அங்கே டிவியில் ‘ரஸ்கல்’ என்ற ரக்கூன் கார்ட்டூன் ஓடியது. ஸ்டெர்லிங் நார்த் 1963-ல் எழுதிய புத்தகம்தான் மூலம். குழந்தைகள் அடம்பிடிக்க, மாசத்துக்கு 1,500 வரை ரக்கூன் இறக்குமதி. வளர்ந்ததும் வீட்டைப் பிரித்து மேய்ந்தன. கார்ட்டூன் கடைசியில் பையன் ரக்கூனைக் காட்டில் கொண்டுபோய் விடுவான். பெற்றோர்கள் அதைக் கதை முடிவாகப் பார்க்கவில்லை, யூஸர் மேனுவலாகப் பார்த்தார்கள். இன்றைக்குப் பழைய கோயில்களின் மரக்கூரைகளில் எல்லாம் நகக்கீறல்.

கனடாவின் டொராண்டோ கதை தமாஷ். ஸ்காபரோவில் உங்கள் சித்தப்பா, பெரியம்மா யாராவது இருந்தால் கேட்டுப்பாருங்கள். ஊர் வம்பைவிட ரக்கூன் வம்பு நீளமாக இருக்கும். மிஞ்சிய சாப்பாட்டைப் போடும் பச்சைத் தொட்டியை ரக்கூன்கள் திறந்து திறந்து மேய, 2015-ல் நகராட்சி வீராவேசமாகப் புதுத் தொட்டி அறிவித்தது. திருகித் திறக்கும் கைப்பிடிப் பூட்டு. செலவு 3 கோடியே 10 லட்சம் கனடா டாலர். அதே வருஷம் ஜூலையில் நடைபாதையில் ஒரு ரக்கூன் செத்துக் கிடந்தது. நகராட்சி ஆட்கள் வந்து எடுக்கத் தாமதமானது. ஜனங்கள் சும்மா இருப்பார்களா? பூ வைத்தார்கள், போட்டோ பிரேம் வைத்தார்கள், மெழுகுவத்தி ஏற்றினார்கள், கான்ராட் என்று பெயரும் வைத்தார்கள். ஒரு கையால் மூன்று கோடி டாலர் கோட்டை, இன்னொரு கையால் மலர்வளையம். 2018-க்குள் சில கில்லாடிகள் புதுத் தொட்டியையும் சாய்த்துத் திறப்பது வீடியோவாக வந்துவிட்டது.

இப்போது கொல்லைப்புறத்துக்கு வருவோம். முதல் உலகப் போர் சமயத்தில் அமெரிக்க அரசு போஸ்டர் ஒட்டியது: வீட்டில் ஆளுக்கு ரெண்டு கோழி வளர்த்தால் முட்டைக்குப் பஞ்சமில்லை. ஜனங்களும் தேசபக்தியோடு பலகை அடித்து, அறுகோண ஓட்டை போட்ட கோழிவலை கட்டினார்கள். அந்த வலைக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1844-ல் இங்கிலாந்தின் நார்விச் ஊரில் சார்லஸ் பார்னார்ட் என்ற இரும்புக்கடைக்காரர், துணி நெய்யும் தறியைப் பார்த்து கம்பி நெய்யும் இயந்திரம் செய்தார். அருமையான வலை. கோழி வெளியே போகாது. ரக்கூன் உள்ளே வராது என்று பார்னார்ட் எங்கேயும் சொன்னதாகத் தெரியவில்லை. நாமாக நினைத்துக்கொண்டது.

நடப்பது என்னவென்றால், இருட்டியதும் கோழிக்குக் கண் தெரியாது. வலையை ஒட்டி அசடாக உட்கார்ந்திருக்கும். ரக்கூன் வெளியில் நின்றபடி ஓட்டைக்குள் கையை விட்டுத் தடவும். கழுத்து அகப்பட்டால் இழுக்கும். உடம்பு ஓட்டைக்குள் வராது, தலை வரும். காலையில் போய்ப் பார்த்தால் பூட்டு பூட்டியபடி, வலை கட்டியபடி, கோழி உட்கார்ந்தபடி. தலை மட்டும் மிஸ்ஸிங். அகதா கிறிஸ்டி பார்த்தால் ஒரு நாவலுக்கு அட்வான்ஸ் வாங்கியிருப்பார்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் கோழிவலையைத் தூக்கிப்போட்டுவிட்டு அரை அங்குல ஓட்டை உள்ள வெல்டு மெஷ் அடிக்கிறார்கள். அமெரிக்கக் கடையில் அதற்குப் பெயர் ஹார்டுவேர் க்ளாத். பெயரில்தான் துணி, தொட்டால் கையைக் கிழிக்கும். ஆணி அடித்தால் பெயர்த்துவிடும் என்று வாஷர் வைத்து ஸ்க்ரூ முடுக்குகிறார்கள். தோண்டிக்கொண்டு வரும் என்று சுற்றிலும் ஒரு அடி ஆழத்துக்கு மெஷ்ஷைப் புதைக்கிறார்கள். கொக்கித் தாழ்ப்பாள் செல்லாது. கொண்டி போட்டு, அதில் மலையேறுகிறவர்கள் மாட்டும் ஸ்பிரிங் வளையத்தைக் கோக்கிறார்கள். நாலு வயசுப் பிள்ளை திறக்கிற பூட்டை ரக்கூனும் திறக்கும் என்பது அங்கே கோழி வளர்ப்பவர்களின் கணக்கு. எங்கள் ஆத்தா பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே ஒரு அம்மிக்கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் படுத்துவிடுவாள். மரநாய் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும். அம்மிக்கு எந்தப் பக்கம் திருகுவது என்று அதற்குத் தெரியவில்லை.

இவ்வளவும் செய்து முடித்தார் என்றே வைத்துக்கொள்வோம், ஓஹையோவிலோ ஒரேகானிலோ ஒரு நல்ல மனிதர். நாலு முட்டைக்கு நானூறு டாலர் மெஷ். கோழி எட்டு, பூட்டு மூன்று, ஆழம் ஒரு அடி. காலையில் பனியில் விரல் மரத்துப்போய் அந்த ஸ்பிரிங் வளையத்தைக் கழற்ற முடியாமல் அவர் திணறுவதை உள்ளிருந்து எட்டுக் கோழியும் பார்த்துக்கொண்டிருக்கும். வாரம் இரண்டு போகும். ஒருநாள் ராத்திரி டிவியில் மேட்ச் கடைசி ஓவருக்கு, மன்னிக்கவும், அவர்கள் ஊரில் கடைசி இன்னிங்ஸுக்கு வந்திருக்கும். மனைவி அடுப்படியிலிருந்து கேட்பாள், கூட்டைச் சாத்தியாச்சா?

“ஆச்சு, ஆச்சு” என்பார் மனுஷன், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.